பீற்றர்ஸ்பேர்க் நகரத்து ஞாயிற்றுக்கிழமைகள்

(நூற்றாண்டு விழாவை முன்னிட்டு நடைபெற்ற பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரை)

 

வெளிநாட்டில் மருத்துவம் கற்ற அனுபவம் பற்றிப் பேசும்படி சங்கத்தார் கேட்டிருந்தார்கள். படிப்பைப் பற்றிச் சொல்வதற்கு அதிகம் இல்லை. வளர்ந்த மனிதருக்கு எலும்புகள் ரஷ்யாவிலும் 206 தான், யாழ்ப்பாணத்திலும் 206 தான். பாடப்புத்தகத்தில் இருந்தவை எங்கே படித்திருந்தாலும் கிடைத்திருக்கும். ஆனால் சனிக்கிழமை மத்தியானம் வகுப்பு முடிந்ததிலிருந்து ஞாயிறு இரவு விடுதிக் கதவு பூட்டப்படும் வரை நாங்கள் பார்த்தவை வேறு எங்கும் கிடைத்திருக்கமாட்டா. ஆகவே அந்த வார இறுதிப் பயணங்களைப் பற்றியே பேசப்போகிறோம். முடிவில் உங்களிடம் ஒரு வேண்டுகோளும் இருக்கிறது.

"நாங்கள்" என்றால் ஐந்து பேர். 2001ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் சென். பீற்றர்ஸ்பேர்க் நகரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். எங்களில் இருவர் இந்தக் கல்லூரியின் பிள்ளைகள். ஒருத்தி மட்டக்களப்பு, ஒருத்தி மாத்தளை, ஒருத்தி குருநாகலைச் சிங்களப் பிள்ளை. ஒரு வருடம் ரஷ்ய மொழி, அதன் பிறகு ஆறு வருடம் மருத்துவம். ஏழு வருடமும் ஒரே விடுதி, ஒரே குசினி.

முதல் மாரிகாலத்தில் நாங்கள் எங்கும் போகவில்லை. டிசம்பரில் அந்த ஊரில் காலை பத்து மணிக்குத்தான் விடியும், பின்னேரம் நாலு மணிக்கு முன்பே இருண்டுவிடும். வகுப்புக்குப் போகும்போதும் இருட்டு, வரும்போதும் இருட்டு. பனி பெய்வதை ஜன்னலால் பார்த்து அழுதுகொண்டு, ரெலிபோன் கார்ட் வாங்கி வீட்டுக்குப் பேசிக்கொண்டு இருந்தோம். எங்கள் ரஷ்ய மொழி ஆசிரியைதான் அதற்கு மருந்து சொன்னார். ஒவ்வொரு திங்கட்கிழமையும் வகுப்பில் ஒருவர் எழும்பி, ஞாயிற்றுக்கிழமை எங்கே போனேன், என்ன பார்த்தேன் என்று ரஷ்ய மொழியில் ஐந்து நிமிடம் கதைக்கவேண்டும். புள்ளிகளும் உண்டு. புள்ளிக்காக எதையும் செய்யும் பழக்கத்தை இந்தக் கல்லூரி எங்களுக்குத் தந்திருந்தது. அப்படித்தான் வெளிக்கிட்டோம்.

ஊரில் இது நல்ல பெயர் எடுக்கவில்லை. "படிக்கப் போனனீங்களோ, ஊர் சுத்திப் பார்க்கப் போனனீங்களோ?" என்று தொலைபேசியில் கேட்காத தாய் இல்லை. அந்தக் கேள்வியில் நியாயமும் இருந்தது. எங்களில் ஒருத்தியின் தாயார் தாலிக்கொடியைத் தவிர மற்ற எல்லா நகையையும் அடகு வைத்திருந்தார். ஒருத்தியின் அண்ணர் சுவிஸில் உணவகத்தில் பாத்திரம் கழுவிக் காசு அனுப்பினார். அந்தக் காசில் ஒரு ரூபிள் வீணாகிவிடக்கூடாது என்று எங்களுக்கும் தெரியும். ஒரு பிஸ்கற் ரின்னில் கிழமைக்கு இவ்வளவு என்று போட்டு, அது நிறைந்தால்தான் பயணம். மாணவர் அட்டை காட்டினால் புறநகர் ரயிலில் சலுகை, பல நூதனசாலைகளில் இலவசம் அல்லது சிறு கட்டணம். அவித்த உருளைக்கிழங்கு, முட்டை, பிளாஸ்கில் தேநீர், வீட்டிலிருந்து வந்த மிளகாய்த்தூளில் செய்த ஒரு சம்பல். பயணம் என்றால் அவ்வளவுதான்.

ஆபத்தும் இருந்தது, அதை மறைக்கக்கூடாது. அந்த வருடங்களில் ரஷ்ய நகரங்களில் வெளிநாட்டு மாணவர்களைத் தாக்கும் மொட்டைத்தலை இளைஞர் கூட்டங்கள் திரிந்தன. ஏப்ரல் 20 ஹிட்லரின் பிறந்தநாள். அதையொட்டிய நாட்களில் விடுதியை விட்டு வெளியே போகவேண்டாம் என்று எங்களுக்குச் சொல்வார்கள். ஹிட்லரின் படை சூழ்ந்து நின்று பட்டினி போட்ட நகரத்திலேயே ஹிட்லருக்குப் பிறந்தநாள் கொண்டாட நாலு பேர் இருந்தார்கள் என்பது இன்றைக்கும் எங்களுக்கு விளங்காத விஷயம். நாங்கள் தனியே போனதில்லை. இருட்ட முன்பு ரயில் ஏறுவோம். கடவுச்சீட்டுப் பிரதி எப்போதும் சட்டைப்பையில் இருக்கும். இன்றைக்கு வெளிநாடு போகும் பிள்ளைகளுக்கும் இதையே சொல்வோம். போங்கள், கூட்டமாகப் போங்கள், போகும் இடத்தை ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.

முதல் பயணத்துக்கு ரயிலே தேவைப்படவில்லை. நெவ்ஸ்கி வீதி என்பது அந்த நகரத்தின் பிரதான வீதி. அதில் 14ஆம் இலக்கக் கட்டடம் ஒரு பள்ளிக்கூடம். அதன் சுவரில் நீல நிறத்தில் ஓர் அறிவிப்பு இருக்கிறது. ஷெல் அடி நடக்கும்போது வீதியின் இந்தப் பக்கம் கூடுதல் ஆபத்தானது என்று பொதுமக்களை எச்சரிக்கும் அறிவிப்பு. ஜேர்மன் பீரங்கிகள் நகரத்துக்குத் தெற்கே நின்றபடியால், தெற்கைப் பார்த்த சுவர்களில்தான் ஷெல் வந்து விழும். யுத்த காலத்து எழுத்தை மீண்டும் எழுதி, ஞாபகத்துக்காக வைத்திருக்கிறார்கள். கூட வந்த மற்ற நாட்டு மாணவர்களுக்கு அது படம் எடுக்கும் இடம். எங்களுக்கு அதற்கு விளக்கம் தேவைப்படவில்லை. ஷெல் எந்தப் பக்கத்தால் வரும், வீட்டின் எந்தச் சுவரோடு படுக்கவேண்டும் என்பதை எழுத்துக்கூட்டி வாசிக்கப் பழகும் முன்பே பழகியவர்கள் நாங்கள்.

அந்த முற்றுகை 1941 செப்டெம்பர் 8ஆம் திகதி தொடங்கி 1944 ஜனவரி 27ஆம் திகதி முடிந்தது. 872 நாட்கள். அப்போது நகரத்தின் பெயர் லெனின்கிராட். 1941 நவம்பர் 20 முதல் டிசம்பர் 25 வரை, தொழிலாளர் அல்லாதவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு நாளைக்குக் கொடுக்கப்பட்ட பாண் 125 கிராம். அந்தப் பாணிலும் முழுக்க மா இல்லை. முற்றுகை நூதனசாலையில் அந்த அளவுத் துண்டைப் பார்த்தோம். ஒரு பக்கத்தில் சின்னத் திரி விளக்கு. எண்ணெயில் திரி போட்டுப் புகையப் புகைய எரியும். ரஷ்ய மொழியில் "கொப்தீல்கா" என்றார்கள். எங்களுக்கு அது ஜாம் போத்தல் விளக்கு. தொண்ணூறுகளில் மண்ணெண்ணெய்க்குத் தட்டுப்பாடு வந்தபோது யாழ்ப்பாணத்தில் நாங்கள் ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசிலுக்குப் படித்த அதே விளக்கு. குருநாகல் தோழி அதைத் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டு எங்களைப் பார்த்தாள். எங்கள் ஊரில் நடந்தவற்றை அவள் முதல்முதலாக விபரமாகக் கேட்டது, ஒரே நாட்டவரான நாங்கள் அதை மனம்விட்டுக் கதைத்தது, அந்த நூதனசாலையின் வாங்கு ஒன்றில் இருந்துதான்.

அந்த நூதனசாலைக்கே ஒரு கதை உண்டு. யுத்தம் முடிந்து 1946இல் திறக்கப்பட்டது. 1949இல் ஸ்டாலினின் அரசாங்கமே அதை மூடியது, பொருட்கள் அழிக்கப்பட்டும் சிதறியும் போயின. 1989இல் மறுபடியும் திறந்தபோது, முற்றுகைக்குத் தப்பியவர்கள் தங்கள் வீடுகளில் பாதுகாத்து வைத்திருந்த பங்கீட்டு அட்டைகளையும் கடிதங்களையும் கொண்டுவந்து கொடுத்தார்கள். அரசாங்கம் மறந்ததை அலுமாரி இலாச்சிகள் மறக்கவில்லை. இதை ஞாபகத்தில் வைத்திருங்கள், பிறகு தேவைப்படும்.

எங்கள் விடுதி வாசலில் காவல் இருந்த பாட்டி முற்றுகைக் காலத்தில் ஐந்து வயதுப் பிள்ளை. எங்கே போகிறீர்கள், எத்தனை மணிக்கு வருவீர்கள் என்று கேட்காமல் எங்களை வெளியே விட்டதே இல்லை. ஒருநாள் குப்பை வாளியில் யாரோ எறிந்திருந்த பாண் துண்டைக் கண்டு, அதை எடுத்துத் துடைத்து ஜன்னல் விளிம்பில் புறாக்களுக்கு வைத்தார். யாரையும் ஏசவில்லை. அதற்குப் பிறகு அந்த மாடியில் ஒருவரும் பாண் எறியவில்லை. பிஸ்கர்யோவ்ஸ்கோயே மயானத்துக்குப் போகப்போகிறோம் என்று சொன்னபோது, பூ வாங்கிக்கொண்டு போங்கள், எண்ணிக்கை இரட்டைப்படையாக இருக்கட்டும் என்றார். ரஷ்யர்கள் இறந்தவருக்கு இரட்டைப்படையில்தான் பூ வைப்பார்கள்.

அந்த மயானத்தில் ஏறத்தாழ 4,20,000 பொதுமக்களும் பல்லாயிரம் போர்வீரர்களும் புதைக்கப்பட்டிருக்கிறார்கள். பெயர்கள் இல்லை. புல் மூடிய நீண்ட மேடுகள், ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு கல், அதில் வருடம் மட்டும். 1942, 1942, 1942. நடந்து முடியாது. வாசலருகில் உள்ள காட்சி அறையில் தான்யா சாவிச்சேவா என்ற சிறுமியின் நாட்குறிப்புப் பக்கங்களின் பிரதி இருக்கிறது. மொத்தம் ஒன்பது பக்கங்கள். அக்கா, பாட்டி, அண்ணா, மாமாமார், அம்மா என்று ஒவ்வொருவரும் எந்த நாள் எத்தனை மணிக்கு இறந்தார்கள் என்று பதினொரு, பன்னிரண்டு வயதுக் கை எழுதியது. அவளும் 1944இல் இறந்துபோனாள். லட்சக்கணக்கானோருக்குப் பெயர் இல்லாத அந்த மயானத்தில், ஒரு சிறுமி எழுதி வைத்த காரணத்தால் அந்தக் குடும்பத்துக்குப் பெயர் இருக்கிறது.

மருத்துவ மாணவிகளாக எங்களைத் தொட்டது இன்னொரு விஷயம். அந்தப் பட்டினியின் நடுவே, தாங்களும் பட்டினி கிடந்த வைத்தியர்கள், நோயாளிகளின் எடை, இரத்த அழுத்தம், வீக்கம் எல்லாவற்றையும் ஒழுங்காகக் குறித்து வைத்தார்கள். பேராசிரியர் செர்னொரூத்ஸ்கியும் அவரோடு பணியாற்றியவர்களும் அந்தக் குறிப்புகளிலிருந்து 1947இல் ஒரு நூலே வெளியிட்டார்கள். மருந்து இல்லை, உணவு இல்லை, செய்யக்கூடியது மிகக் குறைவு. ஆனாலும் எழுதினார்கள்.

இனி மாளிகைகளுக்கு வருவோம். வித்தெப்ஸ்கி நிலையத்தில் ரயில் ஏறினால் அரை மணித்தியாலத்தில் புஷ்கின் நகரம். 1837இல் ரஷ்யாவின் முதல் பயணிகள் ரயில் ஓடியதும் இந்த வழியில்தான். அங்கே நீலமும் வெள்ளையும் பொன்னுமாகக் கத்தரீன் மாளிகை. நாங்கள் போனது 2003 இலையுதிர் காலத்தில். நகரம் பிறந்து 300 ஆண்டு ஆன வருடம் அது. அம்பர் அறை என்று உலகமே பேசிய அறையை அந்த மே மாதத்தில்தான் திறந்திருந்தார்கள். சுவர் முழுவதும் தேன் நிறத்து அம்பர். வாய் பார்த்துக்கொண்டு நின்றோம்.

பிறகுதான் சுவரில் மாட்டியிருந்த கறுப்பு வெள்ளைப் படங்களைக் கண்டோம். கூரை இல்லாத மண்டபம், கரி பிடித்த சுவர், தரையில் இடிபாடு. இதே மாளிகை, 1944இல். அப்படியானால் நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தது 18ஆம் நூற்றாண்டு மாளிகை அல்ல, எங்கள் அம்மம்மாமாரின் வயதுக்காரர் திரும்பக் கட்டிய மாளிகை. அம்பர் அறையை ஜேர்மன் படை 1941இல் கழற்றிக்கொண்டு போனது, அது பிறகு காணாமலே போய்விட்டது. 1979இல் புதிதாகச் செய்யத் தொடங்கினார்கள். கையில் இருந்தவை பழைய கறுப்பு வெள்ளைப் புகைப்படங்களும் ஒருசில சிறு துண்டுகளும். 24 வருடம் பிடித்தது. இடையில், களவு போன பழைய அறையின் கல்லோவியம் ஒன்று ஜேர்மனியில் அகப்பட்டு 2000ஆம் ஆண்டில் திரும்பி வந்தது. புகைப்படத்தைப் பார்த்துச் செய்த புதியதையும் அசலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருந்தன.

அங்கிருந்து சிறிது தூரத்தில் பவ்லொவ்ஸ்க் மாளிகை. அது சிறியது, கூட்டமும் குறைவு. ஆனால் எங்கள் ஏழு வருடத்தில் நாங்கள் அதிக தடவை போன இடம் அதுதான். அதன் கதையைச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும்.

1941இல் ஜேர்மன் படை நெருங்கியபோது, அந்த மாளிகையின் பொருட்களைக் காப்பாற்றும் பொறுப்பில் நின்றவர் அன்னா ஸெலெனோவா என்ற பெண். வயது 28. எல்லாவற்றையும் ஏற்றிப்போக வண்டியும் இல்லை, நேரமும் இல்லை. ஒரே மாதிரியான கதிரைகள் ஒரு தொகுதி இருந்தால், எல்லாவற்றையும் ஏற்ற முயலாமல் ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் மாதிரிக்கு ஒன்று இரண்டை அனுப்பினார்கள். ஒன்று மிஞ்சினால் மற்றவற்றைத் திரும்பச் செய்யலாம். தோட்டத்துச் சிலைகளை மண்ணில் ஆழமாகப் புதைத்தார்கள், எதிரி தோண்டிப் பார்த்தாலும் எட்டாத ஆழத்தில். மிகப் பழைய பளிங்குச் சிலைகளை நிலவறை மூலையில் அடுக்கி, முன்னால் சுவர் எழுப்பி, அது பழைய சுவர் போலத் தெரியச் செய்தார்கள். இரண்டு வருடத்துக்கு மேலாக அந்த மாளிகையில் ஜேர்மன் படை இருந்தது. அந்தச் சுவருக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று அவர்களுக்குக் கடைசிவரை தெரியாது. படை ஊருக்குள் வந்த நேரத்தில் ஸெலெனோவா கடைசி ஆவணங்களோடு லெனின்கிராட் வரை நடந்தே போனார். முற்றுகைக் காலம் முழுவதும், மற்ற மாளிகைகளின் ஊழியர்களோடு சேர்ந்து, ஐசக் தேவாலயத்தின் நிலவறையில் அந்தப் பெட்டிகளைப் பாதுகாத்தார்.

1944இல் திரும்பிப் போனபோது மாளிகை எரிந்து வெறும் சுவராக நின்றது. இது சரிவராது, விட்டுவிடுவோம் என்று சொன்னவர்களும் இருந்தார்கள். ஸெலெனோவா விடவில்லை. அவருக்குக் கை கொடுத்தவற்றில் ஒன்று, அந்த மாளிகையின் பழைய எசமானி மரியா ஃபியோதரொவ்னா 1795இல் எழுதி வைத்த ஒரு விபரம். எந்த அறையில் என்ன துணி, எந்த மேசைக்கு மேலே எந்தப் பாத்திரம் என்று தன் வீட்டைப் பற்றி ஒரு பெண் ஆசையோடு எழுதிய குறிப்பு. 150 வருடம் கழித்து இன்னொரு பெண் அதைக் கையில் வைத்துக்கொண்டு சாம்பலிலிருந்து வீட்டை எழுப்பினார். பொன் பூச, மரம் செதுக்க, பட்டு நெய்யத் தெரிந்தவர்கள் போதாமல், அதற்கெனப் பிள்ளைகளைப் பயிற்றினார்கள். 1970களில் வேலை நிறைவேறியது. யுத்தத்தில் அழிந்த அந்தப் பெரிய மாளிகைகளில் முதலில் முழுமையாக மீண்டது பவ்லொவ்ஸ்க்தான்.

அந்தத் திங்கட்கிழமை வகுப்பில் எங்கள் ஐந்து நிமிடம் பவ்லொவ்ஸ்க் பற்றியது. ஆசிரியை ஒரு கேள்வி கேட்டார். உங்கள் ஊரில் எரிந்தவற்றுக்குப் பட்டியல் இருக்கிறதா? யாழ்ப்பாண நூலகத்தைப் பற்றி எங்களுக்குத் தெரிந்த ரஷ்ய மொழியில் சொன்னோம். 1981இல் எரிக்கப்பட்டது, சுமார் 97,000 நூல்களும் சுவடிகளும் போயின என்றோம். எந்தெந்தச் சுவடி என்று அவர் கேட்டபோது எங்களால் ஒன்றிரண்டுக்கு மேல் சொல்ல முடியவில்லை. எண்ணிக்கையை எல்லோருக்கும் தெரியும். பெயர்களைத் தெரிந்தவர்கள் மிகச் சிலர்.

அடுத்த ஞாயிறு அவரே எங்களை வசீலியெவ்ஸ்கித் தீவுக்குக் கூட்டிக்கொண்டு போய், விஞ்ஞானக் கழகத்தின் நூலகத்தை வெளியே நின்று காட்டினார். 1988 பெப்ரவரியில் அங்கே தீ. லட்சக்கணக்கான நூல்கள் எரிந்தன, அணைக்க அடித்த தண்ணீரில் அதைவிட அதிகமானவை நனைந்தன. அப்போது நகரத்து மக்கள் நனைந்த நூல்களை வீட்டுக்குக் கொண்டுபோய், குசினியில் கொடி கட்டி உலர்த்தித் திரும்பக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அதைக் கேட்டபோது எங்களில் ஒருத்தி அழுதாள். எந்த வரலாற்றுப் புத்தகமும் எங்களுக்கு அவ்வளவு கிட்ட வந்ததில்லை.

ஐசக் சதுக்கத்தில் இன்னொரு கட்டடம். அது விதைகளின் களஞ்சியம். தாவரவியலாளர் வவீலொவ் உலகம் முழுவதும் திரிந்து சேர்த்த நெல், கோதுமை, சோளம், அவரை, உருளைக்கிழங்கு அங்கே இருந்தன. முற்றுகையின்போது அதைக் காத்த விஞ்ஞானிகளில் பலர் பசியால் இறந்தார்கள். நெல் வகைகளுக்குப் பொறுப்பான இவானொவ் இறந்தபோது அவர் காத்த அறையில் அரிசி மூட்டைகள் தொடப்படாமல் இருந்தன. வவீலொவும் 1943இல் ஸ்டாலினின் சிறையில் பட்டினியால்தான் இறந்தார். மட்டக்களப்புத் தோழி வயல் வீட்டுப் பிள்ளை. எவ்வளவு பஞ்சம் வந்தாலும் விதைநெல்லில் கை வைக்காத தாத்தாவைப் பற்றி அவள் அன்று சொன்னாள். விதைநெல் என்ற சொல்லை ரஷ்ய மொழியில் சொல்ல எங்களுக்குக் கனநேரம் எடுத்தது. சொல்லி முடித்ததும் அங்கு நின்ற எல்லோருக்கும் விளங்கியது.

ஹேர்மிற்றாஜ் நூதனசாலைக்கு எத்தனை ஞாயிறு போனோம் என்று கணக்கில்லை. மாரியில் சூடான இடம், மாணவருக்கு இலவசம். அங்கே பார்த்த ஓவியங்களைவிட, இல்லாத ஓவியங்களின் கதையே மனதில் நின்றது. 1941இல் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட பொருட்களை ரயிலில் ஊரல் மலைப் பக்கம் அனுப்பினார்கள். சட்டங்களை மட்டும் சுவரிலேயே விட்டார்கள், எது எங்கே இருந்தது என்று மறந்துபோகாமல். 1942இல் படைவீரர் சிலருக்கு ஒரு வழிகாட்டி அந்த வெறும் சட்டங்களின் முன் நின்று, இங்கே இந்த ஓவியம் இருந்தது என்று ஞாபகத்திலிருந்தே விளக்கியிருக்கிறார்.

நடுவே சும்மா சந்தோஷமாகத் திரிந்த நாட்களும் நிறைய. பீற்றர்ஹோஃப் நீரூற்றுகள் இயந்திரம் இல்லாமல், மேட்டு நிலத்திலிருந்து வாய்க்கால் வழியே இறங்கும் தண்ணீரின் வேகத்தில் மட்டும் 1720களிலிருந்து பாய்கின்றன. அங்கே நனைந்து, குளிரில் நடுங்கிச் சிரித்தோம். குன்ஸ்ற்கமெராவில் மகா பீற்றர் 1717இல் ஒல்லாந்தில் வாங்கிய உடற்கூற்று மாதிரிகளைப் பார்த்துவிட்டு, மாத்தளைத் தோழி இரண்டு நாள் இறைச்சி தொடவில்லை. ஜூன் மாத வெள்ளை இரவுகளில், நடுச்சாமத்துக்குப் பிறகும் வெளிச்சமாக இருக்க, நேவா ஆற்றுப் பாலங்கள் கப்பலுக்காகத் திறப்பதைக் கரையில் இருந்து பார்த்தோம். உறைந்த கடலில் நடந்து, கடலில் நடந்தோம் என்று வீட்டுக்குச் சொன்னோம். யாரும் நம்பவில்லை.

பெட்ரொகிராட் பகுதியில் ஒரு மருத்துவப் பல்கலைக்கழகம் இருக்கிறது. 1897இல் அது பெண்களுக்கான மருத்துவக் கல்வி நிலையமாகத் தொடங்கியது. அதற்கு முன்பு, 1860களில், ரஷ்ய உயர்கல்வி நிலையங்கள் பெண்களுக்குக் கதவை மூடியபோது நடேஷ்டா சூஸ்லொவா என்ற பெண் சுவிற்சர்லாந்துக்குப் போய், 1867இல் சூரிச்சில் மருத்துவப் பட்டம் பெற்றுத் திரும்பினார். படிப்பதற்காகப் பெண்பிள்ளை கடல் கடப்பது எங்கள் தலைமுறை கண்டுபிடித்தது அல்ல. இந்தக் கல்லூரியை நூறு வருடத்துக்கு முன் தொடங்கியவர்களும் அதே காலத்துக் காற்றைச் சுவாசித்தவர்கள்தான்.

கடைசி வருடத்தில் போனது நொவ்கொரொட். பழைய நகரம், அங்குள்ள தேவாலயம் 11ஆம் நூற்றாண்டில் கட்டியது. ஈர மண்ணுக்கு அடியில் அங்கே பேர்ச் மரப்பட்டையில் கீறி எழுதிய கடிதங்கள் கிடைத்திருக்கின்றன. முதலாவது 1951இல் கிடைத்தது, இன்று ஆயிரத்துக்கும் மேல். அரசர் கடிதங்கள் அல்ல. கடன் கணக்கு, சாமான் பட்டியல், பெண்கள் எழுதிய கடிதங்கள். ஒன்ஃபிம் என்ற சிறுவன் 13ஆம் நூற்றாண்டில் எழுத்துப் பழகிய பட்டைகளும் உண்டு. அரிச்சுவடி எழுதத் தொடங்கி, அலுத்துப்போய்ப் பாதியில் குதிரை வீரனின் படம் கீறியிருக்கிறான். எங்கள் ஏடுதொடக்கலில் தொடங்கி, கணக்குக் கொப்பியின் கடைசிப் பக்கம் வரை எல்லாம் ஞாபகம் வந்தது. கணக்குக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் நாங்களும் அதைத்தான் செய்தோம். எழுநூறு வருடம் கழித்து ஒரு ஊர் பெருமைப்படுவது, ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை எறிந்துவிட்டுப் போன பட்டையைப் பார்த்து!

2008இல் திரும்பி வந்தோம். பிறகு வன்னியிலிருந்து வந்த நோயாளிகளைப் பார்க்கும் காலம் வந்தது. கிளினிக் கொப்பி இல்லை, தடுப்பூசி அட்டை இல்லை, பிறப்புச் சான்றிதழும் இல்லை. "என்ன மருந்து போட்டனீங்கள் அம்மா?" என்று கேட்டால், சேலைத் தலைப்பில் முடிந்து வைத்திருந்த வெறும் மாத்திரை மட்டை ஒன்றை எடுத்து நீட்டுவார்கள். அந்த ஒன்றிலிருந்து நோயின் வரலாற்றைத் திரும்பக் கட்டுவோம். தழும்பைப் பார்த்து, பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்டு, ஒவ்வொன்றாக எழுதுவோம். இது மருத்துவ பீடத்தில் படித்தது அல்ல. ஒரு கதிரை மிஞ்சினால் போதும் என்பதைப் பவ்லொவ்ஸ்கில் படித்தோம்.

இப்போது வேண்டுகோள். எங்கள் கல்லூரி 1995 இடப்பெயர்வில் என்ன இழந்தது என்று உங்களுக்குத் தெரியும். சம்பவத் திரட்டுகள், வரவு இடாப்புகள், பரிசளிப்பு விழா அறிக்கைகள், மண்டபத்தில் தொங்கிய குழுப் படங்கள், ஆய்வுகூடம், பியானோ. திரும்பி வந்தபோது சுவர்கள் இருந்தன. கட்டடத்தை நீங்கள் எல்லோரும் காசு அனுப்பித் திருத்திவிட்டீர்கள். அதற்கு நாங்கள் கடமைப்பட்டவர்கள். ஆனால் இந்த நூற்றாண்டு மலருக்காகப் படங்கள் தேடியபோது, ஐம்பதுகளுக்கு ஒரே ஒரு வலைப்பந்துக் குழுப் படம்தான் கிடைத்தது. அதிலும் ஏழு முகங்களில் மூன்றுக்குப் பெயர் தெரியவில்லை.

லண்டனில், ரொறன்ரோவில், மெல்பேணில், கொழும்பில் உங்கள் அலுமாரிகளில் அந்த மீதிக் கதிரைகள் இருக்கின்றன. ஒரு தேர்ச்சி அறிக்கை, ஒரு பரிசுப் புத்தகத்தின் முதல் பக்கத்து முத்திரை, விடுதிச் சாப்பாட்டைத் திட்டி வீட்டுக்கு எழுதிய கடிதம், ஓட்டோகிராவ் கொப்பி, இல்லச் சின்னம், கழுத்துப்பட்டி. உங்களுக்கு அது பழைய குப்பை போலத் தோன்றலாம். எல்லோரும் எல்லாவற்றையும் தரவேண்டியதில்லை. ஒவ்வொரு தொகுதியிலும் ஒன்று போதும். அசலைத் தபாலில் அனுப்பவேண்டாம். தெளிவாகப் படம் எடுத்து அனுப்புங்கள், அசலை ஊருக்கு வரும் யாரிடமாவது கொடுத்துவிடுங்கள். புகைப்படத்தின் பின்பக்கத்தில் பென்சிலால் பெயர்களையும் வருடத்தையும் இன்று இரவே எழுதுங்கள். எண்பது வயதைக் கடந்த அக்காமார் இருக்கும் வீடுகளில் பிள்ளைகள் பக்கத்தில் இருந்து கேட்டு எழுதுங்கள். எந்த வகுப்பறைக்கு முன்னால் எந்த மரம் நின்றது, காலைப் பிரார்த்தனைக்கு யார் ஆர்மோனியம் வாசித்தார், சனிக்கிழமை விடுதியில் என்ன கறி. மரியா ஃபியோதரொவ்னா எழுதியதும் அவ்வளவுதான்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. உங்கள் பிள்ளை வெளிநாட்டில் படிக்கும்போது, ஞாயிற்றுக்கிழமை எங்கேயோ போய் வந்தேன் என்று சொன்னால், "படிப்பு என்னாச்சு?" என்று கேட்குமுன் "என்ன பார்த்தாய் பிள்ளை?" என்று கேளுங்கள். பதில் ஐந்து நிமிடம் வரட்டும்.

மாணவச் செல்வங்களே, நாளைக்கு நீங்கள் எந்த ஊருக்குப் போனாலும் அந்த ஊரைப் பாருங்கள், பார்த்ததை எழுதி வையுங்கள். திரும்பி வரும்போது அந்தக் கொப்பியையும் கொண்டு வாருங்கள். கல்லூரியின் கிழக்கு விறாந்தையில் சங்கம் ஆயத்தம் செய்யும் ஆவண அறையில் அதற்கும் ஒரு தட்டு ஒதுக்கச் சொல்லியிருக்கிறோம்.